ரத்தக்கட்டி கரைக்கும் ஊசியும் மூளை ரத்தக்கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தக்குழாய் அடைத்து பக்கவாதம் வந்தவருக்கு, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் அல்லது டெனெக்டிபிளேஸ் ஊசி போட்டு அடைப்பைக் கரைக்கிறார்கள். இந்த ஊசியின் மிகப் பெரிய ஆபத்து மூளைக்குள் ரத்தம் கசிவது. யாருக்குக் கசியும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா, கணித்தால் அதை வைத்து என்ன செய்வது என்பதே இந்தப் பக்கம். அவசரப் பிரிவில் பணிபுரியும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும், கையெழுத்துப் போடச் சொல்லி காகிதம் நீட்டப்பட்ட குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள் இவை.

அடைப்பைக் கரைக்கும் மருந்து ஏன் ரத்தம் கசிய வைக்கிறது?

மருந்து நம் ரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜனை பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின் கட்டியைக் கட்டிவைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. அதோடு நிற்பதில்லை. ரத்தத்தில் மிதக்கும் ஃபைப்ரினோஜனையும் குறைத்துவிடுகிறது.

இது ஒரு பாதி. மற்ற பாதி மூளைக்குள் இருக்கிறது. ரத்தம் போகாமல் கிடக்கும் பகுதியில் நரம்பு செல்கள் மட்டுமல்ல, நுண்குழாய்களின் சுவரும் சேர்ந்தே சிதைகிறது. எம்.எம்.பி.-9 என்ற நொதி பெருகி, குழாய்ச் சுவருக்கு அடித்தளமாக இருக்கும் சவ்வை அரிக்கிறது. பிறகு அடைப்பு திறந்து ரத்தம் பழைய அழுத்தத்தில் பாயும்போது, நைந்துபோன சுவர் தாங்காது. நேரம் ஆக ஆக ஆபத்து கூடுவதற்கும், மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே செத்துப்போனவருக்கு ஆபத்து அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அடைபட்ட இடத்துக்குத் தொலைவில் கசிவது வேறு கதை. வயதானவர்களின் மூளைக் குழாய்களில் அமிலாய்டு படிந்திருந்தால், பக்கவாதத்துக்குத் தொடர்பே இல்லாத இடத்திலும் ரத்தம் வரலாம்.

ஒருவர் 2 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 7 சதவீதம் என்கிறார். எது சரி?

இரண்டும் சரி. எதை "அறிகுறியுள்ள ரத்தக்கசிவு" என்று எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

1995-இல் வெளியான நிண்ட்ஸ் ஆய்வில் (624 பேர்) ஆல்டிபிளேஸ் பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும், வெறும் உப்புநீர் போன்ற போலி மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கும் இப்படிக் கசிந்தது. அங்கே 36 மணி நேரத்துக்குள் ஸ்கேனில் ரத்தம் தெரிந்து, நோயாளி கொஞ்சம் மோசமானாலும் கணக்கில் சேர்த்தார்கள். ஐரோப்பாவின் சிட்ஸ்-மோஸ்ட் பதிவேடு (6,483 பேர், 2007) கடுமையான வரையறை வைத்தது. ரத்தத் திரள் இறந்த பகுதியில் 30 சதவீதத்துக்கு மேல் நிரம்பி சுற்றியுள்ள மூளையை அழுத்த வேண்டும், கூடவே பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். மதிப்பெண் (ஏற ஏறக் கடுமை கூடும்) முன்பைவிட 4 புள்ளியோ அதற்கு மேலோ ஏற வேண்டும், அல்லது நோயாளி இறந்திருக்க வேண்டும். அதன்படி 1.7 சதவீதம். அதே நோயாளிகளை நிண்ட்ஸ் வரையறையில் எண்ணியபோது 7.3 சதவீதம்!

ஆகவே யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், எந்த வரையறையில் என்று முதலில் கேளுங்கள். ஸ்கேனில் தெரியும் சிறு சிறு ரத்தப் புள்ளிகள் பெரும்பாலும் நோயாளியை மோசமாக்குவதில்லை. அந்தப் பகுதிக்கு மீண்டும் ரத்தம் போயிருக்கிறது என்பதன் தடயமாகக்கூட அவை இருக்கலாம். உயிரை எடுப்பது அழுத்தம் தரும் பெரிய திரள்தான்.

எந்த நோயாளிக்கு ஆபத்து அதிகம்?

திரும்பத் திரும்ப எல்லா ஆய்விலும் வருபவை: பக்கவாதத்தின் கடுமை, வயது, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சி.டி. ஸ்கேனில் ஏற்கெனவே தெரியும் கருமை (சேதமான மூளைப்பகுதி), சிகிச்சைக்கு ஆன நேரம். இவற்றோடு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள், பழைய ரத்த அழுத்த நோய், மூளையின் வெள்ளைப் பகுதியில் முதுமையால் வந்த சிதைவு.

சர்க்கரை விஷயத்தில் ஒரு தவறான புரிதல் உண்டு. சர்க்கரை கூடுதலாக இருந்தால் ஆபத்து கூடும், ஆகவே இன்சுலினை ஏற்றி வேகமாக இறக்கிவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நினைக்கிறார்கள். பக்கவாத நோயாளிகளுக்குச் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்திப் பார்த்த ஷைன் ஆய்வில் (2019) அதனால் ஊனம் குறையவில்லை, தாழ்சர்க்கரைதான் கூடியது. 140-180 மி.கி. அளவில் வைத்திருந்தால் போதும்.

கணிப்பதற்கு என்னென்ன ஸ்கோர்கள் உள்ளன?

பலவற்றில் நான்கை மட்டும் சொல்கிறோம். படுக்கையருகே மனக்கணக்காகப் போடக்கூடியவை இவை.

ஹாட் ஸ்கோர் (2008): என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். 15-20 என்றால் 1, 20-க்கு மேல் 2. சர்க்கரை நோய் இருந்தால் அல்லது சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் 1. சி.டி.யில் நடுப்பெருமூளைத் தமனி ரத்தம் தரும் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகக் கருமை தெரிந்தால் 1, அதற்கு மேல் 2. மொத்தம் 5. மதிப்பெண் 0, 1, 2, 3 என்று ஏறும்போது அறிகுறியுள்ள கசிவு 2, 5, 10, 15 சதவீதம். மூன்றுக்கு மேல் போனால் 44 சதவீதம்.

சேடன் ஸ்கோர் (2012, ஹெல்சின்கி): சர்க்கரை 145-216 என்றால் 1, அதற்கு மேல் 2. சி.டி.யில் ஆரம்ப மாற்றம் 1. தமனி வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிந்தால் 1. வயது 75-க்கு மேல் 1. என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். 10 அல்லது அதற்கு மேல் 1. மொத்தம் 6. சுழியத்துக்கு 1.4 சதவீதம், பிறகு 2.9, 8.5, 12.2, 21.7, ஐந்துக்கு 33.3.

சிட்ஸ் ஸ்கோர் (2012, 31,627 பேர்): ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுத்தால் 3, ஆஸ்பிரின் மட்டும் என்றால் 2. என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். 7-12 என்றால் 1, 13 முதல் 2. சர்க்கரை 180 முதல் 2. வயது 72 முதல் 1, மேல் அழுத்தம் 146 முதல் 1, எடை 95 கிலோ முதல் 1, ஊசிக்கு 180 நிமிடமோ மேலோ ஆனால் 1, பழைய ரத்த அழுத்த நோய் 1. மொத்தம் 12. சுழியத்துக்கு 0.2 சதவீதம், 10 அல்லது மேலுக்கு 14.3 சதவீதம்.

ஸ்பான்-100: வயதையும் என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். மதிப்பெண்ணையும் கூட்டினால் 100-ஐத் தொடுகிறதா என்று மட்டும் பார்ப்பது. தொட்டால் பாசிட்டிவ்.

ஒரு நோயாளிக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

உதாரணத்துக்கு ஒருவர். வயது 74, எடை 62 கிலோ, என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். 14, சர்க்கரை 212, அழுத்தம் 168/94, பழைய ரத்த அழுத்த நோய் உண்டு, தினமும் ஆஸ்பிரின். சி.டி.யில் தமனி வெள்ளையாகத் தெரிகிறது, மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான கருமையும் இருக்கிறது. அறிகுறி தொடங்கி 190-வது நிமிடத்தில் ஊசி தயார்.

ஹாட்: 0 + 1 + 1 = 2. ஆபத்து 10 சதவீதம்.
சேடன்: சர்க்கரைக்கு 1, சி.டி. மாற்றம் 1, தமனி 1, வயதுக்கு 0, கடுமைக்கு 1. கூட்டினால் 4. ஆபத்து 21.7 சதவீதம்.
சிட்ஸ்: ஆஸ்பிரின் 2, கடுமை 2, சர்க்கரை 2, வயது 1, அழுத்தம் 1, நேரம் 1, பழைய நோய் 1. கூட்டினால் 10. ஆபத்து 14.3 சதவீதம்.
ஸ்பான்: 74 + 14 = 88. நெகட்டிவ்.

ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே ஸ்கேன். மூன்று ஸ்கோர்கள் மூன்று விடை சொல்கின்றன, நான்காவது பயமில்லை என்கிறது.

ஏன் இப்படி ஒத்துப்போகவில்லை?

முதல் காரணம் மேலே சொன்ன வரையறை. சேடன் எண்ணும் கசிவு வேறு, சிட்ஸ் எண்ணும் கசிவு வேறு. இரண்டாவது, எல்லைக்கோடுகள். இந்த நோயாளிக்கு என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். 15 என்று இன்னொருவர் போட்டிருந்தால் ஹாட் 3 ஆகி ஆபத்து 15 சதவீதம் ஆகிவிடும். கை கொஞ்சம் தாழ்கிறதா, முழுதாக விழுகிறதா என்பதில் இரண்டு மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் மாறுபடுவது தினமும் நடப்பது. ஆரம்ப சி.டி. மாற்றமும் அப்படித்தான், பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது.

மூன்றாவது காரணம் ஆழமானது. இந்த ஸ்கோர்களின் பிரித்தறியும் திறன், வேறு ஊர் நோயாளிகளில் சோதிக்கும்போது, பெரும்பாலும் 0.6 முதல் 0.7 வரைதான் வருகிறது. காசு சுண்டிப் போட்டாலே 0.5 வரும், தவறே செய்யாத கணிப்புக்கு 1. கூட்டமாகப் பார்த்தால் யாருக்கு ஆபத்து கூட, யாருக்குக் குறைவு என்று சொல்ல இது உதவும். உங்கள் முன்னால் படுத்திருக்கும் ஒருவருக்குக் கசியுமா கசியாதா என்று சொல்ல உதவாது.

மதிப்பெண் அதிகமாக வந்தால் ஊசியை நிறுத்திவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இந்த ஸ்கோர்கள் பெரும்பாலும் ஊசி பெற்றவர்களை வைத்து உருவானவை. ஊசி போட்டால் கசிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். போடாவிட்டால் அதே ஆளுக்கு என்ன ஆகும் என்று அவற்றுக்குத் தெரியாது. வயது, கடுமை, சர்க்கரை ஆகியவை கசிவை மட்டும் கூட்டுவதில்லை. ஊசி போடாவிட்டால் படுத்த படுக்கையாகும் வாய்ப்பையும் அதே காரணிகள்தான் கூட்டுகின்றன. மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து ஊசியை விட்டால், யாருக்கு இழக்க அதிகம் இருக்கிறதோ அவரிடமிருந்தே பிடுங்கியதாகிவிடும்.

ஒன்பது ஆய்வுகளில் இருந்த 6,756 பேரின் தரவைச் சேர்த்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், மூன்று மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் 32.9 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 23.1 சதவீதத்தினரும் ஊனம் ஏறக்குறைய இல்லாமல் மீண்டார்கள். மூன்றிலிருந்து நாலரை மணி வரை 35.3-க்கு 30.1. முதல் ஏழு நாளில் மூளை ரத்தக்கசிவால் இறந்தவர்கள் 2.7 சதவீதத்துக்கு 0.4. கசிந்தவர்கள், இறந்தவர்கள் அத்தனை பேரையும் கணக்கில் சேர்த்த பிறகு கிடைத்த பலன் இது. வயதானவர்களுக்கும் கடுமையான பக்கவாதக்காரர்களுக்கும் பலன் இருந்தது.

நிறுத்தக் காரணம் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. முன்பு மூளையில் ரத்தம் கசிந்தது, மூன்று மாதத்துக்குள் பலத்த தலைக்காயம் அல்லது மூளை அறுவைசிகிச்சை, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 1.7-க்கு மேல், சி.டி.யில் பரவலாகத் தெளிவான கருமை, இதய வால்வில் கிருமித் தொற்று, பெருந்தமனிச் சுவர் பிளவு போன்றவை. ஸ்கோர் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் ஸ்கோர் எதற்கு?

யாரை நெருக்கமாகக் கவனிப்பது என்று முடிவெடுக்க. தீவிர சிகிச்சைப் படுக்கை ஒன்றுதான் இருக்கிறது, நோயாளிகள் இருவர் என்றால் யாருக்குத் தருவது என்று பார்க்க. நரம்பியல் அறுவை வசதி இல்லாத மருத்துவமனையில் ஊசி போட்டபின் யாரை முதலில் மாற்றுவது என்று யோசிக்க. ரத்த வங்கியில் கிரையோ (கிரையோபிரெசிபிடேட், ஃபைப்ரினோஜன் நிறைந்த ரத்தப் பொருள்) இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க. குடும்பத்தாரிடம் நேர்மையாகப் பேச. இவற்றுக்கெல்லாம் நல்ல கருவி.

இன்னொரு பயனும் உண்டு. ஸ்கோரில் உள்ள காரணிகளில் எது நம் கையில் இருக்கிறது என்று காட்டும். வயதை மாற்ற முடியாது. அழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றலாம். மேலே சொன்ன நோயாளிக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஊசி போட்டிருந்தால் சிட்ஸில் ஒரு மதிப்பெண் குறைந்திருக்கும். சி.டி. அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஊசிக்கு முன் 185/110-க்குக் கீழே. ஊசி தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே. கூடினால் லாபெட்டலால் 10-20 மி.கி. சிரை வழியாக ஒன்றிரண்டு நிமிடத்தில், தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஆஸ்துமாவோ மிகக் குறைந்த இதயத்துடிப்போ இருந்தால் நிகார்டிபின் சொட்டு. இறங்கி நிலைக்காவிட்டால் ஊசி கிடையாது. நாக்கடியில் நிஃபெடிபின் கேப்சூலைப் பிழிவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, தவிக்கும் மூளைப்பகுதிக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் நின்றுவிடலாம். தயவுசெய்து வேண்டாம்.

ஊசிக்குப் பிறகு முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி வரை மணிக்கு ஒருமுறை. 8, 12, 16, ஆக மொத்தம் 36 முறை. சார்ட்டில் 36 கட்டங்களை முதலிலேயே வரைந்து வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் காலியாக இருக்கும் கட்டம்தான் கண்ணில் படும்.

மருந்தளவில் என்ன தவறு நடக்கிறது?

இந்தக் கேள்வியை யாரும் போதிய அளவு கேட்பதில்லை என்பது எங்கள் எண்ணம். ஸ்கோரை வைத்து விவாதிக்கும் நேரத்தில் எடையைச் சரியாகப் பார்த்தாலே ஒரு பகுதி ஆபத்து குறையும்.

ஆல்டிபிளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி. பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் செலுத்தி, மீதியை 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். நம் 62 கிலோ நோயாளிக்கு 55.8 மி.கி. முதலில் 5.6, பிறகு 50.2. "75 கிலோ இருப்பார்" என்று கண்ணால் மதிப்பிட்டிருந்தால் 67.5 மி.கி. போயிருக்கும். கிலோவுக்கு ஏறக்குறைய 1.1 மி.கி.! படுக்கையோடு எடை காட்டும் கட்டில் இல்லையென்றால், ஸ்ட்ரெச்சரோடு எடை பார்த்து, ஸ்ட்ரெச்சர் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மருந்தைக் கலக்கும்போது குலுக்கக் கூடாது, மெல்லச் சுழற்ற வேண்டும். மி.லி.க்கு 1 மி.கி. ஆகக் கலக்குவார்கள். தேவைக்கு மேல் உள்ளதை முதலிலேயே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் முழுப் பாட்டிலையும் ஏற்றிவிடும். முடிந்ததும் குழாயில் தங்கியிருக்கும் மருந்தை சலைன் விட்டு அதே வேகத்தில் தள்ளுங்கள். டெக்ஸ்ட்ரோஸுடன் கலக்கவே கூடாது.

டெனெக்டிபிளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25 மி.கி., ஒரே தள்ளு. 62 கிலோவுக்கு 15.5 மி.கி. மாரடைப்புக்கு இதே மருந்தின் அளவு வேறு: 60-70 கிலோ எடைக்கு 35 மி.கி. பெட்டியில் உள்ள மாரடைப்பு அட்டவணையைப் பார்த்துப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். கூடுதல் அளவு என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. நார்வேயில் 0.4 மி.கி. வைத்துச் செய்த ஆய்வை, கசிவும் மரணமும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள் (2022). பக்கவாத அளவை எழுதி மருந்து அலமாரியிலேயே ஒட்டி வையுங்கள்.

ஆபத்து அதிகமுள்ளவருக்கு மருந்தைக் குறைத்துக் கொடுக்கலாமே?

ஜப்பானில் 0.6 மி.கி. தான் வழக்கம். பெரும்பாலும் ஆசியர்கள் கலந்துகொண்ட என்சாண்டட் ஆய்வில் (2016) 0.6-ஐயும் 0.9-ஐயும் ஒப்பிட்டார்கள். பெரிய கசிவு 2.1 சதவீதத்திலிருந்து 1.0 ஆகக் குறைந்தது. ஆனால் மரணம் அல்லது ஊனம் 0.6 பெற்றவர்களில் 53.2 சதவீதம், 0.9 பெற்றவர்களில் 51.1. குறைந்த அளவு முழு அளவுக்குச் சமம் என்று நிறுவ முடியவில்லை. கசிவு குறைந்தும் ஊனம் குறையவில்லை. ஆகவே பொது விதி 0.9 தான்.

ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே?

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுவது மட்டும் தடையல்ல. ஸ்கோர் ஏறும், பலனும் இருக்கும். வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் ஐ.என்.ஆர். பார்த்தே ஆக வேண்டும். 1.7 வரை போடலாம். டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் வகைகளைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் வழக்கமாகத் தவிர்ப்பார்கள். இவை எதுவும் எடுக்காத, ரத்தப்போக்கு நோய் எதுவும் இல்லாதவருக்கு ஊசிக்கு முன் கட்டாயம் தேவைப்படும் ரத்தப் பரிசோதனை சர்க்கரை ஒன்றே. மற்ற ரிப்போர்ட்டுகளுக்காகக் காத்திருந்து நேரத்தைக் கொல்லாதீர்கள்.

கசிகிறது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்வது?

புதிதாகத் தலைவலி, வாந்தி, திடீரென ஏறும் அழுத்தம், தூக்கக் கலக்கம், கை கால் முன்பைவிடத் தளர்வது. சொட்டு போய்க்கொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள், பிறகு மருத்துவரை அழையுங்கள். உடனே சி.டி. கூடவே ரத்த அணுக்கள், ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி. (இதுவும் ரத்தம் உறைதலைப் பார்ப்பது), ஃபைப்ரினோஜன், ரத்தப் பிரிவு.

ரத்தம் உறுதியானால் கிரையோபிரெசிபிடேட் 10 யூனிட்டை 10-30 நிமிடத்தில் ஏற்றி, ஃபைப்ரினோஜன் 150 மி.கி.க்குக் கீழே இருந்தால் மேலும் தரவேண்டும். கிரையோ உறைநிலையில் இருக்கும், உருக்க நேரம் பிடிக்கும். ஆகவே சி.டி.க்குப் போகும் வழியிலேயே ரத்த வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். கிரையோ கிடைக்காத இடத்தில் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை 10 நிமிடத்தில் தரலாம். ஆல்டிபிளேஸ் ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடும், ஆனால் அது குறைத்துவிட்ட ஃபைப்ரினோஜன் பல மணி நேரம் தாழ்ந்தே இருக்கும். "மருந்து இந்நேரம் போயிருக்கும்" என்று சும்மா இருக்கக் கூடாது.

கசிவே இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்தில் மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ஆஸ்பிரின், ஹெப்பாரின் எதையும் தொடங்க வேண்டாம்.

கதீட்டர் வழியாகக் கட்டியை எடுத்தபின் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிறது. ரத்தமா?

எப்போதும் அல்ல. குழாய் வழியாகச் செலுத்திய கான்ட்ராஸ்ட் திரவம் சேதமான மூளையில் கசிந்து ரத்தம் போலவே தெரியும். ஓரிரு நாளில் மங்கிவிட்டால் அது திரவம், அப்படியே இருந்தால் ரத்தம். இரட்டை ஆற்றல் சி.டி. இருந்தால் அப்போதே பிரித்துச் சொல்லிவிடும்.

குடும்பத்தாரிடம் இதை எப்படிச் சொல்வது?

சதவீதமாக இல்லாமல் ஆட்களாகச் சொல்லுங்கள். "இப்படி வந்த நூறு பேருக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், போடாததைவிடப் பத்துப் பேர் கூடுதலாக ஏறக்குறைய பழையபடி ஆகிறார்கள். ஐந்தாறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலை மோசமாகிறது, அதில் சிலர் இறக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் வயதும் இருப்பதால் கசிய வாய்ப்பு சராசரியைவிடக் கூடுதல். அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் போடலாம் என்கிறோம்." இதற்கு ஒரு நிமிடம் போதும்.

குடும்பத்தார் எங்கள் பக்கம் என்ன செய்யலாம்?

108-ஐ அழைத்ததும் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்ற விவரம். விழித்தபோது கண்டது என்றால், தூங்கப்போன நேரம். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதும். தெரிந்தால், அண்மையில் பார்த்த எடை. வீட்டில் ஆஸ்பிரின் எதுவும் கொடுக்காதீர்கள். வந்திருப்பது அடைப்பா கசிவா என்று சி.டி. எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.